அம்மாவின் காலுக்கு ஒரு பிசினஸ் கிளாஸ் சீட்

“பாயிண்ட் இருக்கு மேடம். சீட்தான் இல்ல” என்று விமான அலுவலகத்துப் பெண் சொன்னபோது, எனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். இத்தனை பாயிண்ட் சேர்ந்தால் இன்ன ஊருக்கு பிசினஸ் கிளாஸில் இலவசமாகப் போகலாம் என்று வழுவழுப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்ததே அவர்கள்தான். இப்போது போகிறேன் என்று வந்து நின்றால் சீட் இல்லையாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்கு வேலை. சாம்பிள் சட்டைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே வாங்குகிறவர்களிடம் காட்டி ஆர்டர் பிடித்து வர வேண்டும். எப்போதும் ஒரே வெளிநாட்டு விமானக் கம்பெனியில்தான் பயணம். பறந்த தூரத்துக்கேற்ப என் பேரில் பாயிண்ட் ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. காட்டுப்பாக்கத்து வீட்டில் பீரோவுக்குள் இருந்த நகையைவிட அதைத்தான் பெரிய சொத்தாக நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அப்படித்தான்.

அந்தச் சொத்தை எடுக்கவும் வேளை வந்தது. கல்யாணமாகி அமெரிக்கா போயிருந்த என் தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கியபோது, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. போனில், “அம்மாவ அனுப்புக்கா. எனக்கு பயமா கீது” என்று அழுதாள்.

அம்மாவுக்கும் போக ஆசைதான். ஆனால் அவளுடைய வலது கால் மடங்காது. பூந்தமல்லி ரோட்டைத் தாண்டும்போது லாரி இடித்து, உள்ளே கம்பி வைத்து, முட்டி அப்படியே விறைத்து நின்றுவிட்டது. பஸ்ஸில்கூடக் கடைசி நீள சீட்டின் நடுவில் உட்கார்ந்து காலை வழியில் நீட்டிக்கொண்டுதான் வருவாள். விமானத்தின் சாதா வகுப்பில் மடங்குகிற காலுக்கே இடம் போதாது. முன்பக்கத்து பிசினஸ் கிளாஸில் தாராளமாக நீட்டலாம். “அம்மாவ பிசினஸ் கிளாஸ்லயே அனுப்புறேன்டி, அழாத” என்று தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் மவுண்ட் ரோட்டில் இருந்த அந்த விமான அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. ஒரு விமானத்தில் பாயிண்டுக்கென்று விடுவதே ஒன்றோ இரண்டோதானாம். அதையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்களாம். யாரம்மா அந்த மற்றவர்கள் என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, என் பாயிண்ட் முழுக்கச் சுரைக்காயாகவே இருந்தது. வழக்கமாக என்னை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “ரேஷன் கட மாதிரி கீதேக்கா. கார்டு கீது, சரக்கு இல்லன்றான்” என்றார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, கம்பெனிக்கே போன் வந்தது. அதே பெண்தான். “அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபிளைட்ல ஒரே ஒரு சீட் கிடைச்சிருக்கு மேடம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பிடிச்சு வெக்கிறேன். அம்மாவோட பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்து டிக்கெட் வாங்கிக்குங்க.”

பறந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா நொண்டியபடி எழுந்து போய் நாள்காட்டித் தாள்களைப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “அன்னிக்கி கரிநாளுடி. நான் போவல” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாள்காட்டியையே பிய்த்து எறிந்திருப்பேன். சீட் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “ரெண்டு தபா கலஞ்சி போச்சி. மூணாவதுக்கும் நான் கரிநாள்ல கெளம்பிப் போயி நிக்கணுமா? நாளிக்கி ஏதாச்சும் ஆச்சின்னா, நான் வந்ததாலன்னு ஆயிடும்.”

வழி சொன்னவர் அம்மாவின் தம்பி. நசரத்பேட்டையிலிருந்து அன்று மாலை எங்களைப் பார்க்க வந்திருந்தார். “பரஸ்தானம் பண்ணிடலாங்கா” என்றார். நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை எடுத்துப் போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஆனால் பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. மாமாவை அன்றைக்குக் கும்பிடாத குறைதான்.

மறுநாள் காலை, ராகு காலத்துக்கு முன்னால், வாசலில் சூடம் ஏற்றினோம். பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு மாமா போய்விட்டார். கம்பெனியில் அன்று அவசரமாகச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து, “பாஸ்போர்ட்டக் குடும்மா” என்றேன்.

“அது பெட்டில கீது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் மாமா கொண்டுபோன பெட்டி.

“இன்னாத்துக்கு அப்பிடி முழிக்கிற? நாலு பொடவைய மட்டும் அனுப்பினா அது பயணமா? பாஸ்போட்டு போனாத்தான நான் போன மாதிரி” என்றாள் அம்மா. அவள் கணக்குப்படி அது சரிதான். என் கணக்குத்தான் நாசமாகப் போயிற்று.

ஆட்டோவில் நசரத்பேட்டைக்கு ஓடினேன். மாமா வீட்டில் பூட்டு தொங்கியது. மாமா டியூட்டிக்குப் போயிருந்தார். அத்தை காஞ்சிபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து, “இன்னாக்கா, ஒடச்சிடட்டா?” என்றார். உடைங்க என்றேன். தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. புடவைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டோடு இருந்த பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை அசைக்காமல் மூடிவைத்தேன். அந்தக் கோபத்திலும் அதைத் திருப்பி எடுத்துப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு முன்னாலேயே மவுண்ட் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், மதியம் வரைக்கும் இருந்துச்சு. முழுக் காசு குடுக்கிற பாசஞ்சர் வந்தா பாயிண்ட் சீட்ட மேலேயிருந்தே எடுத்துடுவாங்க. நீங்க காலையிலயே வந்திருந்தா டிக்கெட் போட்டிருக்கலாம்.”

அஞ்சு மணின்னுதானே சொன்னே என்று நான் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவளும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். பாவம், அவள் கையில் என்ன இருக்கிறது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதே விமானத்தில் சாதா வகுப்பு காலியாக இருக்கிறது, ஒரு பிசினஸ் கிளாஸுக்கான பாயிண்டில் இரண்டு சாதா சீட் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“பெட்டி கெளம்பிடுச்சி. இனிமே நான் ஊட்ல குந்திகினு இருக்கக் கூடாது. சாதா சீட்டே போடு.”

“அவ்வளவு தூரம் கால என்னம்மா பண்ணுவ?”

“கூட நீ வா. பாத்துக்கலாம்.”

அம்மாவுக்கு அமெரிக்க விசா முன்பே எடுத்து வைத்திருந்தோம். என்னிடமும் ஏற்கெனவே இருந்தது. முதலாளியிடம் லீவு கேட்டு, அடுத்த நாளே இரண்டு சாதா சீட் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். பெட்டியை மாமா நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்.

அம்மாவை ஜன்னலோரம், முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார வைத்து, அவள் காலைத் தூக்கி என் மடிமேல் போட்டுக்கொண்டேன். உள்ளே கம்பி இருந்த கால், கனமென்றால் அப்படியொரு கனம். சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லை. என் தொடை மரத்துப்போய், அப்புறம் வலித்து, மறுபடி மரத்துப்போனது. அவளுக்கு அதைவிட வலி.

வெந்நீர் கேட்கலாம் என்று எழுந்து முன்பக்கம் போனேன். அங்கே தொங்கிய திரையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். அகல அகலமான சீட்டுகள், பாதிக்கு மேல் காலி. ஒரு சீட்டில் யாரோ கோட்டைக் கழற்றி விரித்துப் போட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கிடைத்த இடம் என் அம்மாவின் காலுக்குக் கிடைக்கவில்லை. பணிப்பெண்ணிடம் கெஞ்சினேன், அம்மாவை மட்டும் உட்கார வையுங்கள் என்று. பாயிண்டில் எடுத்த டிக்கெட்டை மாற்ற முடியாது என்று அழகாகச் சொல்லி, திரையை இழுத்து மூடினாள்.

திரும்பி வந்து மறுபடி காலைத் தூக்கி மடியில் வைத்தேன். அம்மா கேட்டாள்: “ஏறும்போதே பாத்தேன், முன்னாடி நெறைய சீட்டு காலியா கீதே. நடுவுல ஏறுறவங்களுக்கா?”

“ஆமாம்மா” என்றேன்.

போய் இறங்கியபோது அந்தப் பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளி, காரில் ஏற்றி, தங்கையின் அறைக்குள் கூட்டிப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதாள். பிறகு அவள் பார்வை பாதத்துக்குப் போனது.

“இன்னாக்கா இது, காலு இப்பிடி வீங்கிக் கீது? பிசினஸ் கிளாஸ்லதான அனுப்புறேன்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். தங்கையின் வயிற்றில் கையை வைத்தபடி, “அதுலதான்டி வந்தேன். உங்கக்கா சொன்னா செய்ய மாட்டாளா? வழி பூரா கால நீட்டிகினுதான் வந்தேன்” என்றாள்.