கிரேக்கச் சாமிகளுக்குத் தூசி தட்டினேன்

வீடு கூட்டினால் எது அழுக்கு என்று நம் கண்ணுக்கே தெரியும். சிலை துடைக்கிற வேலையில், சாமியின் காதுக்குள் பிடித்த பாசியை முதலாளி வந்து காட்டினால்தான் தெரியும்.

பங்களாக்களிலும் விடுதிகளிலும் வாளியும் துணியுமாகத் திரிகிற சகோதரிகளே, முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பழைய பெரிய துரை பங்களா சும்மா கிடந்தது. தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய பிறகு, கொழும்புச் சிங்களப் பெரிய மனிதர் ஒருவர், நாங்கள் மாத்தயா என்போம், அதைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கினார். வாலிபத்தில் கிரேக்க நாட்டுக் கப்பலில் வேலை பார்த்தவர். அந்த நாட்டின் பழங்காலத்து மனிதர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். வரக்காப்பொலையில் சீமெந்துச் சிலை வார்க்கிற ஒருவரிடம் படங்களைக் காட்டி, ஒரு லொறி நிறையச் சாமிகளைச் செய்வித்து இறக்கினார். முழங்கால் வலியால் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் இருந்த என்னைத் துடைக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வேலை எனக்குப் பெரிதில்லை. பங்களாவில் ஃபோன் இருந்ததுதான் பெரிது. என் மூத்த மகள் மல்லிகா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஒன்றிலும் ஃபோன் கிடையாது. அவள் கையில் இருந்த ஒரே நம்பர் பங்களா நம்பர்தான். போன புதிதில் இரண்டு தடவை பேசினாள். பிறகு சத்தமில்லை, கடிதமும் இல்லை. அவளை அனுப்பிவைத்த ஏஜென்டிடம் போய்க் கேட்டால் வீடு மாறியிருப்பாள் என்றார். அந்த ஃபோன் அடிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மாரியாத்தாளிடமும் வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உடுப்பில்லாத ஓட்டக்காரன்

வாசலுக்கு நேரே ஓட்டப் பந்தயக்காரன் ஒருவன் நின்றான். உடம்பில் நூல் இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் அந்த வளைவு வந்ததும் கொழுந்துக் கூடையை முகத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கங்காணி வந்து இடுப்பில் எதையாவது கட்டச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு துவாயைக் கட்டினேன். மாத்தயா அவிழ்த்தார். மறுபடி கட்டினேன், மறுபடி அவிழ்த்தார். கடைசியில் என்னை நிறுத்திவைத்து விளக்கினார். அந்தக் காலத்துக் கிரேக்க ஆண்கள் சாமிக்காக விளையாட்டு விழா நடத்துவார்களாம். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு இப்படியேதான் ஓடுவார்களாம். அதில் வெட்கமில்லை, அது சாமிக்குக் காட்டுகிற மரியாதை என்றார். மரியாதை என்ற பிறகு நான் என்ன பேச? கண்ணைப் பாதி மூடிக்கொண்டு துடைத்தேன்.

அப்போதுதான் மழை விட்டிருந்தது. சமையல்காரர் ஹனிபா நானா புல்லில் நின்று தன் கெண்டைக்காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஓட்டக்காரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தங்கச்சி, அவங்கட ஊருல அட்டை இல்ல போல."

நெற்றியில் குங்குமம்

பூந்தோட்டத்தின் நடுவில் ஒரு பெண் சாமி. ஒரு கையில் கதிர்க்கட்டு, மறு கையில் தீப்பந்தம். டெமிட்டர் என்று பெயர். வந்து இறங்கிய மறுநாளே அவள் நெற்றியில் குங்குமமும் காலடியில் செவ்வரத்தம்பூவும் இருந்தன. கையில் கதிரும் நெருப்பும் இருந்தால் எங்கள் சனத்துக்கு வேறு யோசனை வராது. மாரியம்மன்தான். மாத்தயா துடைக்கச் சொன்னார். நான் துடைக்கத் துடைக்க மறுநாள் புதிதாக இருக்கும். சீமெந்துக்குள் சிவப்பு ஊறிவிட்டது.

இது உங்கள் அம்மன் இல்லை என்று ஆட்களிடம் எடுத்துச் சொல்லு என்று, மாத்தயா அவள் கதையை எனக்குச் சிங்களத்தில் சொல்லித் தந்தார். பயிர் பச்சையெல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரே மகள், பெயர் பெர்சிபொனி. பூப்பறித்துக்கொண்டிருந்த மகளை, செத்தவர்களின் ராஜா தரையைப் பிளந்துகொண்டு வந்து கீழே இழுத்துப் போய்விட்டான். தாய் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, தின்னாமல் குளிக்காமல் உலகமெல்லாம் தேடினாள். மகள் வராமல் ஒரு புல்லும் முளைக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் இதை அப்படியே சொன்னேன். குடம் நிறைந்து வழிந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற செல்லம்மாவின் மகள் லெபனானில் இருக்கிறாள். செல்லம்மாதான் கடைசியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப நம்ம சாமியேதாங்க்கா. நாளையில இருந்து தேங்காயும் ஒடைக்கிறேன்."

பெரியவர்கள் கேட்காத கேள்வி

இந்தக் கதை எனக்குப் பாடமாகிவிட்டதைப் பார்த்து, விருந்தாளிகளுக்குச் சிலைகளைக் காட்டிச் சொல்கிற வேலையையும் மாத்தயா என் தலையில் வைத்தார். சிங்களவர்களுக்குச் சிங்களத்தில், நம்மவர்களுக்குத் தமிழில். ஒரு தடவை கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. கதை முடிந்ததும் அவர்களுடைய சின்ன மகள், அந்த அம்மா ஏன் ஃபோன் எடுத்துக் கேட்கவில்லை என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் ஃபோன் இல்லை, கண்ணு, அம்மாவுக்கு மகள் இருக்கிற இடமே தெரியாதே என்றேன்.

பிள்ளை சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது சொன்னது: "அம்மாக்குத் தெரியாட்டியும் மகளுக்கு வீடு தெரியும்தானே."

மாதுளை

கதையில் ஒரு துண்டை நான் விழுங்கிவிடுவேன். பெரிய சாமி பஞ்சத்துக்குப் பயந்து மகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார், தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், உலகம் பச்சையாகிவிட்டது என்று முடித்துவிடுவேன். விருந்தாளிகளும் திருப்தியாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். உண்மையில் கதை அதோடு முடியவில்லை. அனுப்புவதற்கு முன்னால் கீழுலகத்து ராஜா அவள் வாயில் மாதுளை முத்தைக் கொடுத்துவிட்டான். அங்கே வாய் நனைத்தவர் அங்கே திரும்பியாக வேண்டும். அதனால் வருஷத்தில் எட்டு மாதம் தாயிடம், நாலு மாதம் கீழே. அந்த நாலு மாதமும் தாய் பூமியைக் காயப்போடுகிறாள்.

மாத்தயா காட்சிக்காக ஒரு மாதுளைக் கன்றுகூட நட்டிருந்தார். எங்கள் மழைக்கு வேர் அழுகிச் செத்தது. எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் நான் கதையை நிறுத்திய இடத்தில் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விருந்தாளிகள் போன பிறகு கோபமில்லாமல், சிங்களத்தில் சொன்னார்: "சந்தோஷமா முடிக்கணும்னா வேற கதை சொல்லு அம்மே. இது இப்படித்தான் முடியும்."

கால் கழுவத் தண்ணீர்

வாசலுக்கு வருகிற அந்நியர் பெரிய சாமி அனுப்பியவர் என்பது கிரேக்கர்களின் நம்பிக்கையாம். வந்தவருக்குக் கழுவத் தண்ணீர் கொடுத்து, சாப்பாடும் போட்ட பிறகுதான் பெயரைக் கேட்பார்களாம். எங்கள் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார் மாத்தயா. எனக்கு இது பிடித்திருந்தது. செம்பும் துவாயும் எப்போதும் வாசலில் இருக்கும்.

அந்த வருஷங்களில் கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் மலைத் தமிழர்களையும் பொலிஸ் சோதனை போட வரும். ஒரு மாலை ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பழக்கதோஷத்தில் நான் செம்போடு போய் நின்றேன். அதிகாரி வயதில் சின்னவர். தண்ணீர் பிறகு, முதலில் பெயர் என்றார். அடையாள அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு, பிறந்தது எங்கே, மகன்மார் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நேரத்தில் உள்ளே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் மாத்தயா ஊரில் இல்லை. நான் போகட்டுமா என்று கேட்டேன். எழுதி முடிக்கும்வரை நிற்கச் சொன்னார். அடித்துக்கொண்டே இருந்தது. மாரியாத்தா, மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். கையிலிருந்த செம்பு சரிந்து தண்ணீரெல்லாம் என் காலிலேயே கொட்டியது.

ஜீப் போன பிறகு ஓடினேன். கையெல்லாம் கோதுமை மாவோடு ஹனிபா நானா ஃபோன் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எடுக்க முந்தி வச்சிட்டாங்க தங்கச்சி. கொழும்பு ஆளாத்தான் இருக்கும்."

ஃபோன் கழற்றிய நாள்

ஆட்கள் வருவது குறைந்துகொண்டே போய், ஒருநாள் விடுதியை மூடுவதாக மாத்தயா சொல்லிவிட்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. லொறி வந்தது. ஓட்டக்காரன் போனான், மற்றச் சாமிகளும் போனார்கள். டெமிட்டரைத் தூக்கும்போது கதிர் பிடித்த கை முறிந்து விழுந்தது. உடைந்தது வேண்டாமென்று பலாமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த நாள் ஃபோன்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நான் பெரியவரிடம் கெஞ்சினேன். என் மகளுக்கு இந்த நம்பர்தான் தெரியும், வெறும் பங்களாவானாலும் பரவாயில்லை, நான் தினமும் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், ஃபோனை மட்டும் விட்டுப் போங்கள் என்றேன். அவர் எங்கள் பக்கத்துத் தமிழர்தான். வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஆள் உக்காந்து என்னம்மா செய்யிறது, லைன் இருக்கணுமே."

வந்தவள்

விடுதியை மூடிய அடுத்த வருஷம், ஒரு மத்தியானம் கஹவத்தை பஸ்ஸிலிருந்து மல்லிகா இறங்கி நடந்து வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அழுது முடித்த பிறகுதான் கேட்டேன். அவளை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே ஃபோனைப் பூட்டி வைப்பார்களாம். ஒரே ஒரு தடவை திறந்து கிடந்ததாம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம், வீட்டுக்காரம்மா வருகிற சத்தம் கேட்டு வைத்துவிட்டாளாம். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாத லீவு என்று அவள் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் போவதற்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். போகவேண்டாம், உன் தம்பிமார் உழைக்கிறார்கள், இருக்கிறதைச் சாப்பிட்டுக்கொண்டு இரு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போவதற்கு முந்தின நாள் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். கையில்லாத டெமிட்டருக்கு யாரோ அன்றைக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். மல்லிகா வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என் முழங்காலுக்காக வேண்டினாயா என்று கேட்டேன். இல்லையாம், குவைத்தில் அவள் பார்த்துக்கொள்கிற குழந்தைக்காகவாம், அவள் புறப்படும்போது அதற்குக் காய்ச்சலாம். அதைச் சொல்லும்போதுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"கோவிச்சுக்காதம்மா. நாங்கதான் வளந்துட்டோமே. அது நான் ஊட்டினாத்தான் வாயத் தொறக்கும்."

மாதுளை தின்ற மகளைக்கூடத் தாய் வீட்டில் எட்டு மாதம் விட்டுவைத்தார்கள், சகோதரிகளே. அங்கே ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிட்ட மகளுக்கு இரண்டு மாதம்தான் கணக்காம்.