யார், யாரிடம்

டீச்சருக்கே செக் மொழி தெரியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் பத்து வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் மேனேஜர் ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு எழுதிய செக் இலக்கணம்.

"செக் நாட்டுல ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் பதினோரு பேர் போறாங்க. நீங்க ஒரு பாடம் முன்னால படிச்சிட்டு வந்து சொல்லிக்கொடுத்தா போதும், டீச்சர்."

அப்படியே செய்தார். காலையில் பஸ்ஸில் படிப்பார், பத்து மணிக்கு வந்து பலகையில் எழுதுவார். ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. பதினோரு பேரில் ஒருத்தி டீச்சரின் தங்கை. தையல் கம்பெனியை மூடியதில் வேலை போனவள். முன்வரிசையில் நாற்பது வயது வெல்டர் ஒருவர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. செக்கில் மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால் என்று டீச்சர் சொன்னதும், "அப்ப மேசை மேல புத்தகத்த வெச்சா நாலு பேரு தப்பா பேச மாட்டாங்களா?" என்று கேட்டார். வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏழாம் பாடம் வேற்றுமை. இங்கிலீஷில் சொல் நிற்கும் இடத்தை வைத்தே யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். செக்கில் அது நடக்காது. நம்முடைய 'ஐ', 'கு' போலச் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். "நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல" என்று டீச்சர் உற்சாகமாக எழுத ஆரம்பித்தபோது மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர். வணக்கம், நன்றி, நம்பர், வலது, இடது. அவ்வளவுதான்."

"இன்னும் ஒரு மாசம் இருக்கே சார்?"

"வேண்டாம்னு சொன்னேன்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

டீச்சர் அந்தப் பாடத்தை ஏற்கெனவே நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஏனோ அதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் போனவர்கள் யாராவது பேசினார்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அங்க வேலை அப்படி, நேரம் கிடைக்காது" என்றார் மேனேஜர்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஒப்பந்தம் வந்தது. முழுவதும் செக் மொழியில். ஒவ்வொரு சொல்லின் மேலும் ஆபீசிலேயே பென்சிலால் இங்கிலீஷ் அர்த்தம் எழுதியிருந்தது. தங்கை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்காவது பத்தியைக் காட்டினாள்.

"பாரு அக்கா. முதலாளி, ஒப்படைப்பார், தொழிலாளி, பாஸ்போர்ட். போன உடனே பாஸ்போர்ட்ட நம்ம கையில குடுத்துடுவாங்களாம்."

டீச்சர் செக் வரியைப் பார்த்தார். முதலாளி என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'இ' கூடுதலாக இருந்தது. நோட்டைத் திறந்தார். அந்த 'இ'தான் நம்முடைய 'கு'. தொழிலாளி என்ற சொல்லில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால், முதலாளிக்கு ஒப்படைப்பார் தொழிலாளி, பாஸ்போர்ட்டை. அடுத்த வரியில், மூன்று வருடம் முடியும்வரை. அதை விளக்கிச் சொல்லி, "நீ போக வேண்டாம்" என்றார் டீச்சர்.

"ஒரு எழுத்துக்கா இப்படிப் பயப்படுற?" என்றாள் தங்கை.

மறுநாள் டீச்சர் அந்த வரியை அப்படியே பலகையில் எழுதி, கடைசி எழுத்தின் கீழ் கோடு போட்டு விளக்கினார். வெல்டர் தன் ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைத் தேடினார். மேனேஜர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. பலகையை நிதானமாக அழித்தார்.

"டீச்சருக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போகட்டும்." பிறகு கதவருகே, அவருக்கு மட்டும் கேட்கும்படி: "தண்ணித் தொட்டி பக்கத்துல மூணாவது வீடுதானே?"

நான்கு பேர் போகாமல் நின்றுகொண்டார்கள். தங்கையும் அதில் ஒருத்தி, ஆனால் ஒரு மாதம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழு பேர் போனார்கள். "டிக்கெட் போட்டாச்சு டீச்சர். கடிச்சா தின்னுடுவாங்க?" என்று கேட்டுவிட்டு வெல்டரும் போனார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவிக்குப் போன் செய்தார். மூன்று ஞாயிறு. நான்காவது வாரம் போன் வரவில்லை, ஐந்தாவது வாரமும் இல்லை. ஆபீசுக்குப் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது, பெயர்ப்பலகையைக் காணோம். அந்த அம்மாள் நேராக டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

ஒப்பந்தத்தின் தலைப்பில் கம்பெனியின் நம்பர் இருந்தது. டீச்சர் என்ன கேட்பது என்று எழுதி, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போட்டார். ஒரு ஆண்குரல் எடுத்தது. வெல்டரின் பெயரைச் சொல்லி, எங்கே என்று கேட்டார். குரல் வேகமாக ஏதோ சொன்னது. டீச்சருக்குப் பிடிபட்டது இரண்டே சொற்கள்.

"என்ன சொன்னாங்க?"

"இங்க இல்லையாம்."

"அப்ப எங்க?"

மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் டீச்சரும் தங்கையும் அந்த அம்மாளும் ஏழு பேரின் விவரத்தோடு போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.