ஒரு ஜோடி பெட்ஷீட்

மக்கள் காப்பகத்தின் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறதே ஒரு போராட்ட பேனர், தனி விளக்கெல்லாம் போட்டு, கிட்டப் போய் மூச்சு விட்டாலே முறைக்கிறார்களே, அது வெறும் பெட்ஷீட்டாம். அதையும் அங்கே வழக்கமாக மேடையேறும் பேச்சாளர் தன் அக்காவை ஏமாற்றி வாங்கிக்கொண்டு போனாராம். தெருவில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் சட்டென்று நம்பிவிடக் கூடாது, விசாரிக்க வேண்டும். விசாரித்தாயிற்று. பேச்சில் பாதி தவறு. அவர் ஏமாற்றவே இல்லை. "நாளைக்கே தந்துடறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார். அந்த நாளை இன்னும் விடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த அக்கா காப்பகத்துக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பவர். பேன்ட்டைக் குட்டையாக்குவார், ஜிப் மாற்றுவார், தொப்பை வந்தவர்களின் சட்டைக்குத் தையலைப் பிரித்து மானத்தைக் காப்பாற்றுவார். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் காப்பகத்தின் வாசல் தெரியும். யார் உள்ளே போகிறார்கள், யார் பேச்சுக்குப் போகிறார்கள், யார் பிஸ்கட்டுக்குப் போகிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி. அதை மூடப்போகிறார்கள் என்றதும் ஊரே திரண்டது. அக்காவின் தம்பிதான் முன்னால் நின்றான். பேனருக்குத் துணி வேண்டும், கடைகளோ அடைப்பு. அக்கா கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஜோடி பெட்ஷீட்டில் ஒன்றை உருவிக் கொடுத்தார். "ஆஸ்பத்திரியை மூடாதே" என்று அதில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி, தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். போராட்டம் மாபெரும் வெற்றி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள்.

பிறகு, காலியான அந்தக் கட்டடத்துக்கு மக்கள் காப்பகம் வந்தது. போராட்டச் சுவரொட்டி, துண்டறிக்கை, ஓவியம், பழைய வீடியோ என்று எது கிடைத்தாலும் சேர்த்துவைத்து, அவ்வப்போது பொது நிகழ்ச்சி நடத்துவார்கள். எக்ஸ்ரே அறையில் படம் போடுவார்கள். கருத்தரங்கம் பிரசவ வார்டில். அங்கே இப்போதும் முக்கலும் முனகலும் கேட்கும், குழந்தைதான் பிறப்பதில்லை.

நிகழ்ச்சி எதுவானாலும் தம்பி பேசுவான். வயது அறுபதைத் தாண்டி, ஊருக்கெல்லாம் 'மைக்' என்று பட்டப்பெயரும் வாங்கிவிட்டான், ஆனாலும் அக்காவுக்கு அவன் 'அவன்'தான். பேனரைக் காட்டி அவன் பேசும் பேச்சு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. முதலில் "மக்கள் வாங்கித் தந்த துணி" என்றான். பிறகு வீட்டுக்கு ஒரு முழமாகச் சேர்த்துத் தைத்த துணி ஆயிற்று. கடைசியாகக் கேட்டபோது மக்கள் அதை ராப்பகலாக நெய்துகொண்டிருந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சண்டை எங்கே ஏறினாலும் அவர் இறங்கும் ஸ்டாப் ஒன்றுதான். குழம்பில் உப்பு ஏன் தூக்கல் என்று ஆரம்பித்து, "உன் தம்பிக்குத் தூக்கிக் குடுத்த பெட்ஷீட் மாதிரிதான் இந்த வீட்டுல எல்லாம்" என்று முடிப்பார்.

"துணி போனா போகுதுங்க," என்பார் அக்கா. "என் அக்காகிட்ட இரவல் வாங்கினேன்னு அதே மைக்குல ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும்."

"அவன் சொல்றதுக்குள்ள நம்ம பேரன் பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும்."

ஒரு சாயங்காலம் 'துணியும் கிளர்ச்சியும்' என்று உரையும் திரையிடலும் வைத்திருந்தார்கள். காப்பகத்தின் ஒருங்கிணைப்பாளர் ஓர் இளம்பெண். எதைத் தொட்டாலும் வெள்ளைக் கையுறை போட்டுத் தொடுவதால் தெருவில் அவள் பெயரே 'கையுறை'. அவள் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, திரை சுருட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது. பெருசா வெள்ளைத் துணி இருக்குமா? படம் முடிஞ்சதும் குடுத்துடறோம்."

"இருக்கு. ஆனா உங்க பேச்சாளரை முதல்ல இங்க வரச் சொல்லு."

தம்பி வந்தான். ஜோடி இழந்த இன்னொரு பெட்ஷீட் அக்காவின் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இதைத் தர்றேன்டா. அந்தத் துணி யாரோடதுன்னு மேடையில சொல்லணும்."

"அக்கா, அது இப்ப மக்கள் சொத்துக்கா."

"மக்கள்ல நான் வரமாட்டேனாடா?"

"ஐயோ, நீதான்க்கா மக்கள்! படம் முடியட்டும், கட்டாயம் சொல்றேன்."

அக்கா கடையைச் சாத்திவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். எக்ஸ்ரே அறையில் பேனருக்குப் பக்கத்திலேயே பெட்ஷீட்டைக் கட்டிப் படம் போட்டார்கள். படம் முடிந்தது, விளக்கு எரிந்தது, தம்பி மைக்கைப் பிடித்தான். மக்கள் பஞ்சு எடுத்தார்கள், நூல் நூற்றார்கள். அக்காவின் பெயர் வரும் வழியாகத் தெரியவில்லை.

இதற்குள் கையுறை இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் ஓரத்தையல் நீல நூல். வெள்ளை நூல் தீர்ந்த அன்று அக்கா கையில் கிடைத்ததை வைத்து அடித்தது. ஒரே மாதிரி பாதியில் கோணி, பிறகு நேராகிறது.

"ஒரு நிமிஷம்!" என்று கத்தினாள் அவள். "இது ரெண்டும் ஒரே வீட்டுத் துணி!"

அறையே திரும்பிப் பார்த்தது. நெசவைப் பாதியில் நிறுத்திய தம்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். பிறகு குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டு, "ஆமாம் தோழர்களே. இத்தனை நாள் அடக்கத்தால் சொல்லவில்லை. அந்தத் துணியை என் வீட்டிலிருந்துதான் எடுத்து வந்தேன்" என்றான்.

"எந்த வீட்டுலேர்ந்துடா?" என்றார் அக்கா, முன்வரிசையிலிருந்து.

"அக்கா வீடு வேற, என் வீடு வேறயா?" என்றான் தம்பி, மைக்கிலேயே. கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா பெட்ஷீட்டை அவிழ்க்கப் போனார். கையுறை குறுக்கே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. ஒரு வீட்டுலேர்ந்து வந்த பொருளைப் பிரிச்சு வைக்கக் கூடாதுங்கறது காப்பக முறை."

"பிரிக்காம இருக்கணும்னா அதையும் இறக்கிக் குடு. ரெண்டையும் கொண்டுபோறேன்."

"உள்ள வந்தது வெளிய போகக் கூடாதுங்கறதும் காப்பக முறை."

ஒன்றை மீட்கப் போனவர் இரண்டையும் பறிகொடுத்துத் திரும்பினார். விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் உப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அத்தனை சந்தோஷம் அவருக்கு.

மறுவாரம் இரண்டு துணிகளும் அக்கம்பக்கமாகச் சுவரில் ஏறின. கீழே ஓர் அட்டை: 'நன்கொடை: உள்ளூர்க் குடும்பம்'. அக்கா இன்ச் டேப் கழுத்தில் தொங்க உள்ளே போனார்.

"நன்கொடைன்னு யாரும்மா சொன்னது? இரவல்னு போடு. எதிர்க்கடை தையல்காரரிடம் இரவல்னு போடு."

"இரவல்னா திருப்பித் தரணுமே, ஆன்ட்டி."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

கையுறை நேர்மையான பெண். அட்டையை மாற்றிவிட்டாள். துணியை மாத்திரம் தரவில்லை. அக்காவுக்கும் இப்போது அது பெரிய குறையில்லை. எழுத்தில் வந்தாயிற்று, இனி அவன் வாயால் வர வேண்டியதுதான் பாக்கி.

அதற்கும் சீக்கிரமே ஒரு வழி கிடைத்தது. அடுத்த நிகழ்ச்சிக்குப் போட்டுக்கொள்ள என்று தம்பி புது பேன்ட் ஒன்றை நீளம் குறைக்கக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, பேன்ட் ரெடியா?"

"ஒரு கால் ஆச்சு."

"இன்னொரு கால்?"

"நீ மைக்குல சொல்லு, அப்புறம் தைக்கிறேன்."

அவன் இன்னும் சொல்லவில்லை. போன நிகழ்ச்சியில் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினான். புது பேன்ட் கடை வாசலில், காப்பகத்துக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தொங்குகிறது. ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை.