செல்லக்கனிக்கு எரிகிறது

தைத்து முடித்த நைட்டியின் கழுத்தில் நீண்டிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, செல்லக்கனி பின்னால் திரும்பிக் கேட்டாள்: “ஏட்டி பியூலா, சீலாங்கிறது உங்க வேதக்காரவுக பேரா?”

பியூலா கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுத்தாள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் அந்தக் கம்பெனியில், ஆன்லைனில் விற்கும் உருப்படிகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரம் எழுதுவது அவள் வேலை. தேவைக்கு மேல் பேசாத பெண். யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிற பேர்தான் என்றாள். வயசு எம்புட்டு இருக்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. பேரை வைத்து வயசை எப்படிச் சொல்வது என்றாள் பியூலா. சரி, ஆள் சிவப்பாக இருப்பாளா என்றாள் செல்லக்கனி. அதற்குள் பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட்டத்தை நிறுத்தியிருந்தன.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தமானில் ஒரு சின்னத் தீவில் வேலை பார்க்கும் செல்லக்கனியின் கணவன் தனுஷ்கோடி முந்தின நாள் போனில் பேசியிருக்கிறான்.

“‘சீலா இன்னைக்கு என்னப் படாதபாடு படுத்திட்டா. வாறா, வாறா, கிட்டக்க வந்து பல்லக் காட்டிட்டுப் போயிட்டா. நாளைக்கும் போவேன், விட மாட்டேன்’னு சொல்லுதாவ. கட்டுன பொண்டாட்டி எங்கிட்டயே சொல்லுதாவ.”

பியூலாவுக்குச் சிரிப்பு முட்டியது. அவள் வீட்டில் தூத்துக்குடி லாரியில் வரும் கடல் மீன்தான் எடுப்பார்கள். மம்சாபுரத்துக்காரியான செல்லக்கனிக்குக் கடல் மீனின் வாடையே ஆகாது. கெண்டை, விரால், ஜிலேபி என்று கண்மாய் மீனோடு அவள் உலகம் முடிந்துவிடும்.

“அக்கா, சீலா மீனு. பல்லு நீளமா இருக்கும்.”

மாரிக்கனி, ஓவர்லாக் மெஷினில் இருப்பவள், சும்மா விடவில்லை. “அப்போ மதினி, சக்களத்திக்குச் செதிலும் உண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கனி சிரிக்கவில்லை. “மீனுன்னா மட்டும் என்ன? நாளு பூராவும் அது பின்னாலதான சுத்தியிருக்காவ,” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

பொறாமையை ஒளித்து வைக்கத் தெரியாத பிறவி அவள். மத்தியானம் டப்பாவைத் திறக்கும் முன் மற்றவர்கள் டப்பாக்களை ஒரு சுற்றுப் பார்ப்பாள். யாருக்காவது வெளிர் நிறத் துணி தைக்கக் கிடைத்து, தனக்குக் கறுப்பு வந்துவிட்டால், “எனக்கு எரியுதுட்டி” என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வாள். சொன்ன கையோடு அந்தப் பெண்ணுக்கே தன் ஊறுகாயில் பாதியைக் கொடுப்பாள். எதிர்வீட்டு முருங்கை காய்த்தாலும் எரியும். ராஜபாளையம் பஸ்ஸில் முன்னால் ஏறியவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தாலும் எரியும். கம்பெனியில் நைட்டி மாட்டிப் படம் பிடிக்க ஒரு பொம்மை உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். “சோறு திங்காத சிறுக்கி. இவளுக்கு எதப் போட்டாலும் அமையுது.”

கணவன் விஷயத்தில் மட்டும் அந்த எரிச்சலுக்கு விளையாட்டுக் கிடையாது.

தனுஷ்கோடி நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவன். பேர்தான் தனுஷ்கோடி, கல்யாணமாகும் வரை கடலைப் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் லாரி டியூப்பைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போய், அதன்மேல் குந்தி மிதந்தபடி தூண்டில் போடுவான். டியூப்பில் அசையாமல் உட்காரத் தெரிந்த உடம்புக்குக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒரு பொருட்டாக இல்லை. மில்லில் பழகிய ஒருவன் அந்தமானுக்குக் கூட்டிப்போனான். அங்கே கயாக்கில் மீன்பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குத் துணையாகப் போவது வேலை. கயாக் என்றால் வாழைப்பூ மடலைப் பெரிதாக்கி மஞ்சள் பிளாஸ்டிக்கில் வார்த்தது போலிருக்கும் என்று செல்லக்கனி எல்லோருக்கும் கையை வளைத்துக் காட்டினாள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். துடுப்பு பின்னால் இருப்பவனிடம்.

இங்கே இருந்தவரை அவன் வாயைத் திறக்காத மனிதன். விரால் பிடித்து வந்தால் அடுப்படியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். இப்போது போனில் அலை, காற்று, பவளப்பாறை என்று கொட்டுகிறான். அதுவும் அவளுக்கு எரிந்தது. “எங்கிட்ட இல்லாத பேச்ச கடலு எங்கிருந்துட்டி புடுங்குச்சு?”

ஆடிப்பூரத்துக்கு வந்துவிடுவான் என்பதுதான் பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை, ரெண்டாவது படிக்கும் மகள் கோதைக்குத் தோளில் வைத்துக் காட்டுவதாகச் சொல்லிப் போயிருந்தான். இப்போது முதலாளி இன்னொரு வருசம் இருக்கச் சொல்கிறார் என்று இழுக்கிறான். இருக்கவா, வந்துரவா என்று அவளையே கேட்கிறான். இருக்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரும். சொன்ன பிறகும் அவன் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் பயம். அதனால் பதிலே சொல்லாமல் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீலா விவகாரத்துக்கு மறுநாள் போனைக் கொண்டுவந்து பியூலாவின் மேஜையில் வைத்தாள். தனுஷ்கோடி போனில் கேமரா கெட்டிருந்ததால் அவனுடைய முதலாளியம்மா தன் போனிலிருந்து அனுப்பிய வீடியோ. முதலாளியும் மனைவியும் வங்காளிகள், தீவிலேயே குடியிருப்பவர்கள். செல்லக்கனிக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவள் பாஷை தெரியாது. வீடியோவில் பாடாய்ப்படுத்திய சீலா அகப்பட்டுத் தொங்கியது. அதை நிறுத்தச் சொல்லி, பல்லை உற்றுப் பார்த்தாள்.

“இவளா. இவளுக்கு இம்புட்டு அலட்டலா.”

அந்த நிமிஷம் அவள் முகம் தெளிந்திருந்ததை பியூலா பார்த்தாள். வீடியோ மேலே ஓடியது. கயாக்கின் முன்பக்கம் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது, முதலாளியின் மகள். கோதை வயதுதான் இருக்கும். மீன் துள்ளியதும் பயந்து பின்னால் சாய்ந்து தனுஷ்கோடியின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அவன் துடுப்பைப் போட்டுவிட்டு அதன் தலையில் கையை வைத்தான். “பாப்பா, பயப்படாத. நான் இருக்கம்லா பாப்பா.”

செல்லக்கனி வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

தன் மகளைக் கோதை என்று அவன் ஒரு நாளும் அழைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கொடுக்கும்போதுகூடப் பாப்பா என்றே சொல்லி டீச்சரைச் சிரிக்க வைத்தவன். பாப்பா என்றால் அந்த வீட்டில் ஒருத்திதான்.

அன்றைக்கு அவள் எரியுது என்று சொல்லவில்லை. பக்கத்தில் யார் எந்த நிறத் துணி தைக்கிறார்கள் என்று பார்க்கவுமில்லை. தைத்த நைட்டியில் கைகளை இடம் மாற்றி வைத்திருந்ததை மாரிக்கனிதான் கண்டுபிடித்துப் பிரித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லோரும் வேனுக்குப் போன பிறகு செல்லக்கனி மட்டும் நின்றாள். அந்த முதலாளியம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்லியா என்றாள் பியூலா. செல்லக்கனி இல்லையென்று தலையை ஆட்டினாள். அதை அவனிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், இன்றைக்கே சொல்லப் போவதாகவும் சொன்னாள். இது வேறு.

போனை நீட்டினாள். நிறுத்தி வைத்த வீடியோவில் அந்தக் குழந்தையின் முகத்தை அவள் பெருவிரல் மூடியிருந்தது; எடுக்கவில்லை.

“சண்ட மாதிரி இருக்கக் கூடாதுட்டி. தன்மையா எழுது. அந்தப் பிள்ளைக்கு அவிய வச்ச பேரு என்னன்னு கேளு. கேட்டு, அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடணும்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட அவியளையே சொல்லச் சொல்லு.”