சிவப்புச் சீட்டு ஒட்டிய காதல் கதைகள்

காதல் நாவல் படிக்கிற பெண்பிள்ளையை ஊர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். மத்திகிரியில் காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், ஜூஜுவாடிப் பக்கம் இருக்கிற எங்கள் தொழிற்சாலை வாசலில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். சிக்னலும் லாரி வரிசையும் சேர்ந்துகொண்டால் அதற்கு மேலும் ஆகும். திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. அந்த நேரத்தில் நான் யார் காதலைப் படித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கு வயது நாற்பத்து மூன்று. வண்டி உதிரி பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. பச்சை என்றால் அனுப்பலாம். மஞ்சள் என்றால் திருத்தினால் தேறும். சிவப்பு என்றால் ரிஜெக்ட். சிவப்பு ஒட்டுகிறவர் மட்டும் காரணத்தை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். சும்மா மனசுக்குப் பிடிக்கவில்லை என்று எதையும் தள்ளிவிட முடியாது.

பஸ்ஸில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து மாத நாவல்களை வாங்கிச் சுற்றுக்கு விடுகிறோம். இந்தச் சீட்டுப் பழக்கம் எப்படியோ அதிலும் தொற்றிக்கொண்டது. கம்பெனிச் சீட்டை எடுத்தால் வம்பு என்பதால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கலர் ஸ்டிக்கர் வாங்கினோம். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். இங்கேயும் சிவப்புக்குக் காரணம் கட்டாயம்.

சமீபத்தில் வந்ததில் கண்ணாடி மாளிகை ஆபீஸ் வைத்திருக்கும் பணக்காரன் கதை ஒன்று. அவன் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான். அந்தக் கம்பெனியில் யாராவது வேலை செய்கிறார்களா என்றே தெரியவில்லை. நான் சிவப்பு ஒட்டினேன். காரணம்: கதாநாயகி நாற்பது பக்கம் அழுகிறாள், ஒரு வேளைகூடச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. அடுத்தது ஒரு டாக்டர் கதை. டியூட்டிக்கே போகாத டாக்டர். மஞ்சள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும், மனைவியை இழந்த ஒரு லைப்ரரிக்காரரும் மெல்ல நெருங்குகிற கதைக்குப் பச்சை. அவர்கள் மனம் விட்டுப் பேசுகிற நேரம் பார்த்து அடுப்பில் கேஸ் தீர்ந்துபோகிறது. அதனாலேயே அந்தக் காதலை நம்ப முடிந்தது.

ஆனால் எனக்கென்று ஒரு பலவீனம் உண்டு. முறை மாப்பிள்ளைக் கதை. மாமன் மகனுக்கு இவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருப்பார்கள். அவளுக்கு விருப்பம் இருக்காது. கல்யாணம் நடந்துவிடும். முறைப்பாள், முகம் திருப்பிக்கொள்வாள், நூற்றைம்பதாவது பக்கத்தில் அவனுக்குக் காய்ச்சல் வரும், இவள் கஞ்சி வைப்பாள், காதல் வந்துவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. அத்தனைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பச்சைதான். நானே அப்படி வந்தவள். என் வீட்டுக்காரர் என் அம்மாவின் தம்பி. பத்தொன்பது வயதில் கட்டி வைத்தார்கள். இன்றுவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

மகளுக்கு இருபத்து மூன்று. அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே கூட வேலை செய்கிறவர்கள் ஜப்பான் படக்கதைப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்பார்களாம். மாங்கா என்று பெயர் சொன்னாள். "மாங்காவா? உப்பு மிளகாத்தூள் எங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஒன்று இப்படி இருக்கும்.

மகளும் நானும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். என் நாவலை அவள் படிக்க வேண்டும், அவள் மாங்காவை நான் படிக்க வேண்டும், இருவரும் சீட்டு ஒட்ட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் படித்துப் படித்து வந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நம் வழக்கப்படி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து நாற்பது பக்கம் போனபிறகு, "என்னடி இது, மொதல்லயே ஒருத்தர ஒருத்தர் பாத்து அழுவுதுங்க, அப்பறம் யாருன்னே தெரியாத மாதிரி போவுதுங்க?" என்று கேட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம்.

திருப்பிப் போட்டுப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், பக்கத்து பெஞ்சுப் பெண் ஒருத்தி. ஏழு புத்தகம். ஏழாவது புத்தகத்தில், மழை பெய்கிற ஒரு ரயில் நிலையத்தில், அவன் அவளிடம் "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்கிறான். அவள் யோசிக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க வெறும் மழை. பிறகுதான் தலையாட்டுகிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதயெல்லாமா கேப்பாங்க? புடிச்சா புடிக்க வேண்டிதுதான?"

"கேக்கணும்மா."

நான் மஞ்சள் ஒட்டினேன். ஏழு புத்தகத்தை இரண்டாகச் சுருக்கினால் தேறும் என்று எழுதினேன். மழை வரைந்திருந்த அழகுக்காகச் சிவப்பைத் தவிர்த்தேன், அதையும் எழுதினேன்.

அவள் என் நாவல்களைப் படித்த வேகம் எனக்குப் பெருமையாக இருந்தது. முறை மாப்பிள்ளைக் கதைகளாகவே பொறுக்கிக் கொடுத்தேன். மூன்றுக்கும் சிவப்பு ஒட்டினாள். முதல் நாவலில், "அவளிடம் யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில், "இதிலும் யாரும் கேட்கவில்லை." மூன்றாவதில், "பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை."

நான் சும்மா விடவில்லை. "கேட்டா கதை அஞ்சு பக்கத்துல முடிஞ்சிரும்டி" என்றேன்.

"முடியட்டும்."

"கடைசில அவளுக்கும் ஆசை வருதுல்ல?"

"கஞ்சி வெச்சதுக்கெல்லாம் ஆசைன்னு பேரு வெச்சா எப்படிம்மா?"

பெண்ணுக்கு விமர்சன புத்தி நன்றாக இருக்கிறது, என்னைப் போலவே என்று பஸ்ஸில் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால், அதே மாதத்தில் என் அண்ணன் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊரிலிருந்து போன் செய்திருந்தார். மாங்காய் சீசன் முடிந்தது, பையனும் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிற வண்டியைச் சொந்தமாக வாங்கிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வந்து பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்றார். என் மகள் பிறந்தபோதே அவருடைய மூத்த பையனுக்கு என்று பேசியதுதான். தங்கமான பையன். மகளிடம் சொன்னேன். "ம்" என்றாள். நாவல்களில் அந்த "ம்"முக்கு அடுத்த வரியில் கன்னம் சிவக்கும். நான் அவள் கன்னத்தைப் பார்க்கவில்லை, அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி அந்த மூன்று நாவல்களையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாகலூர் ரோட்டிலிருந்து வருகிறவள். வீட்டில் தெலுங்கு, லைனில் கன்னடம், என்னிடம் தமிழ். அசெம்பிளி லைனில் இருப்பவள்.

"அக்கா, பாப்பா மூணுலயும் ஒரே குறைதான் எழுதியிருக்குது."

"அவ அப்படித்தான், புடிச்சா புடிச்சதுதான்."

"ஒரே குறை மூணு தடவ வந்தா நம்ம லைன்ல என்ன பண்ணுவோம்?"

லைனை நிறுத்துவோம். அது எங்கள் விதி. ஒரு தடவை வந்தால் அந்தச் சாமானில் கோளாறு, மூன்று தடவை வந்தால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது, நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். அவள் நாவல்களை என் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயந்திரமே மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவாக இருந்தவர் அவர். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கினேன், வாழை இலை வாங்கினேன், பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். கேள்வியை மட்டும் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அண்ணன், அண்ணி, பையன் மூவரும் வந்தார்கள். மகள் புடவை கட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பார்த்தபோதே மூன்றாவது நாவலில் அவள் எழுதியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அண்ணி தாம்பாளத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகள் தலை குனிந்து நின்றாள்.

"அண்ணி, கொஞ்சம் இருங்க" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். "உனக்கு இஷ்டமாடி?"

நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று அவள் என் முகத்தில் தேடினாள். பிறகு, "வேணாம்மா" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பி, "மாமா, உங்க மேலயோ அவன் மேலயோ ஒண்ணும் இல்ல. கூடவே வளந்தோம். எனக்கு அப்படித் தோணல" என்றாள். நிறுத்தாமல் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

பையன்தான் முதலில் எழுந்தான். "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டான். அண்ணி சரத்தைத் தாம்பாளத்தில் வைத்து மூடினார். அண்ணன் என்னிடம் வந்து, "இத நேத்தே கேட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, நான் எம்புள்ளய இட்டுக்கினு வந்து இப்படி நிக்க வெச்சிருக்க மாட்டனே" என்றார். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. சாப்பிடாமல் போனார்கள். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. எனக்கு அவர் குரல் கேட்காமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் போனதும் மகள் புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நேரா எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், வரவில்லை.

"ரெண்டு தடவ சொன்னேம்மா. 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்'னு சொல்லிட்டு வேலயப் பாத்த. புக்கப் பத்திப் பேசினாத்தான் நீ காது குடுத்துக் கேப்ப."

இரண்டு தடவை சொன்னது எனக்கு நினைவே இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் நான்தான் கேட்டும் கேட்காதவளாக இருந்திருக்கிறேன். அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் பசித்தது. வீட்டுக்காரரையும் சேர்த்து மூன்று பேரும் இலை போட்டு உட்கார்ந்து, ஆறு பேருக்குச் சமைத்ததில் முடிந்தவரை சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு மகள் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். மிச்சத்தைச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி நான் நீட்ட, என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கினார். சாம்பார் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"உன்ன அன்னிக்கு யாரும் கேக்கல இல்ல?"

"யாரு கேட்டா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். இருபத்து நாலு வருடம் ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன், பொய்க்குத் தகுதியானவர்தான். ஆனால் அன்றைக்கு என் வீட்டில் ஒரு பெண் நடு ஹாலில் நின்று நிஜத்தைச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேணாம்னுதான் மாமா சொல்லியிருப்பேன்."

அவர் ஃபிரிட்ஜ் கதவை மெல்லச் சாத்தினார்.

"தெரியும்" என்றார். "அதான் கேக்கல."