அக்கா உட்கார்ந்த இடத்தின் எண்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே ‘ர’ போடுவது, எங்கே ‘ற’ போடுவது என்பது இன்றும் எனக்குத் தகராறுதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலை செய்வது சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு அமாங் பட்டறையில். ஈயம் எடுத்த பிறகு மிஞ்சுகிற கருமணலைத்தான் அமாங் என்பார்கள். அதைக் காயவைத்து, வகை வகையாகப் பிரித்து, மூட்டை கட்டி விற்கிறார்கள். பிரித்ததில் மஞ்சளாக வரும் ஒரு மணலில் கதிர்வீச்சு உண்டு. திங்கட்கிழமைதோறும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு இடங்களில் அளந்து, புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

முன்பு முள் அசையும் மீட்டர் இருந்தது. சுவரில் மாட்டிய பழைய எச்சரிக்கைப் பலகையில் 0.1 என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் காட்டும் இடத்தில் யாரும் நாள் முழுக்க உட்காரக் கூடாது. போன வருடம் எண் காட்டும் புது மீட்டர், புதுப் புத்தகம், புதுப் பலகை எல்லாம் வந்தன. புதுப் பலகையில் 1 என்று இருந்தது. சட்டம் தளர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆங்கில எழுத்துகளை நான் பார்க்கவேயில்லை. பார்த்தாலும் புரிந்திருக்காது.

இரண்டு மாதத்தில் புது மீட்டரைச் சோதனைக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அலமாரியில் கிடந்த முள் மீட்டரை எடுத்து அளந்தேன். அது காட்டிய எண்ணை அப்படியே புதுப் புத்தகத்தில் எழுதினேன்.

அந்த நேரத்தில்தான் மூட்டை வாய் தைக்கும் அக்கா வந்து கேட்டார். சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் பட்டறை வேனில் வருபவர். முழங்கால் வலி. வாசலருகே வெயில் தாங்கவில்லை, கிடங்குச் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாமா என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மஞ்சள் மணல் மூட்டைகள். அளந்து பார்த்தேன். முள் 0.3இல் நின்றது.

“ஒண்ணுக்குக் கீழதான் இருக்கு அக்கா. தாராளமா உக்காருங்க.”

“நீ சொன்னா சரிலா தம்பி. இந்த மெசின வச்சி லாட்டரி நம்பர் எடுத்தா அடிக்குமா?”

“நாலு நம்பர் வேணும் அக்கா. இதுல ரெண்டுதான் இருக்கு.”

“அதான் நீ இன்னும் இங்கயே மணல் அளந்துக்கிட்டு இருக்கே.”

ஏழு மாதம் அங்கேயே உட்கார்ந்து தைத்தார்.

புது மீட்டர் வந்ததும் அக்கா நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். 3.1. மறுபடி வைத்தேன். 3.1. மூட்டைகள் கூடவில்லை, இடம் மாறவில்லை. முள் மீட்டரையும் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். 0.3தான்.

மாதம் இருமுறை தஞ்சோங் மாலிமிலிருந்து கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வருவார். நம் தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்த முறை அவரிடம் இரண்டு மீட்டரையும் காட்டினேன்.

“அண்ணே, நம்பருக்குப் பக்கத்துல இருக்கற எழுத்தப் பாருங்க. பழசு மில்லிராட். புதுசு மைக்ரோகிரே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிராட்னா பத்து மைக்ரோகிரே. பத்தால பெருக்கணும். தோட்டத்துல ரப்பர் பால ராத்தல்ல நிறுத்தா ஒரு நம்பர், கிலோல நிறுத்தா வேற நம்பர். பால் அதேதான், இல்லியா? அந்த மாதிரி.”

0.3 என்றால் 3. பழைய பலகையின் 0.1தான் புதுப் பலகையின் 1. சட்டம் தளரவேயில்லை.

அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானும் பாக்காம சைன் பண்ணிட்டேன். திருத்தி எழுதிடுங்க. வருஷக் கணக்குப் பாத்தா இன்னும் லிமிட்டுக்குக் கீழதான். அக்காவச் சும்மா பயமுறுத்தாதீங்க.”

திருத்தினேன். ஏழு மாதத்துப் பக்கங்கள். ஒவ்வொரு எண்ணிலும் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைக்க வேண்டும். பாதியில் பேனாவை வைத்துவிட்டு அக்காவிடம் போனேன். ஆங்கில எழுத்து தெரியாமல் தப்பாக அளந்துவிட்டேன், இனி அங்கே உட்கார வேண்டாம் என்றேன். அவர் ஊசியை மூட்டையில் குத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“எத்தன மாசம்?”

“ஏழு.”

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும்லா. நான் உன்ன நம்பித்தான உக்காந்தேன்.”

அடுத்த நாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் என் எண்களைக் கேட்டுவிட்டு, இந்த அளவில் இன்ன நோய் வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது, ரத்தம் சோதிக்கலாம் என்றார். சோதனையில் ஒன்றும் இல்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்கா சொன்னார்: “எனக்கு மலாய் படிக்க வராது. எங்க உக்காந்தேன், எவ்வளவு இருந்துச்சி, எப்புடி ஆச்சி, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடு. மவகிட்ட குடுத்து வைக்கணும்.”

எண்களை எழுத ஒரு மாலை போதும். மூன்று வாரம் இழுத்தது. ‘எப்படி ஆச்சு’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனா நின்றது. ஆங்கிலம் தெரியாது என்பது பாதிதான் உண்மை. பழைய மீட்டரை எடுத்த முதல் திங்களே பன்னிரண்டு இடத்திலும் எண் பத்தில் ஒன்றாக விழுந்ததை நான் பார்த்தேன். புத்தகத்தில் மேல் வரியும் கீழ் வரியும் பக்கத்திலேயே இருந்தன. ஏதோ சரியில்லை என்று அன்றே தோன்றியது. அதிகாரி அந்த வாரம் வந்தபோது அவர் பின்னாலேயே கார் வரைக்கும் நடந்தேன். இது என்ன எழுத்து என்று கேட்டால், இத்தனை வருடமும் படிக்காமல்தான் எழுதினாயா என்பாரே என்று வாயைத் திறக்கவில்லை. கார் போய்விட்டது. அடுத்த வாரம் அக்கா வந்து இடம் கேட்டார்.

இன்று காலை அக்காவுக்கான தாளில் 3.1 மைக்ரோகிரே, நாளுக்கு எட்டு மணி நேரம், ஏழு மாதம் என்று எழுதினேன். அதற்குக் கீழே, எண் குறைந்ததை நான் பார்த்தேன், வெட்கப்பட்டுக் கேட்கவில்லை என்றும் எழுதினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை வேன் வந்ததும் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, 18 ஆகஸ்ட் 2024.