ஐம்பத்தொன்பது மாடல் இம்பாலா

யாங்கோனின் லத்தா கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். வெளிர்நீல இம்பாலா கார் ஒன்று, தேங்கிய தண்ணீரில் மிதப்பதுபோல வந்து நிற்கிறது. அதன் பின்புறத்தில் அகல விரிந்த இரண்டு இறக்கைகள். ஓட்டி வந்தவர் ஹனீபா பாய். நேற்று அவர் கடையில்தான் கைலி வாங்கினேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் இறக்கிவிடுகிறேன் என்கிறார். பின்கதவில் கை வைக்கிறேன்.

"அங்க வேணாம் தம்பி, முன்னால வாங்க."

கார் நகர்கிறது. வைப்பருக்கு அந்தப் பக்கம் நகரமே கரைந்துகொண்டிருக்கிறது.

"ஐம்பத்தொன்பது மாடல். இறக்கை இவ்வளவு பெருசா வந்தது அந்த ஒரு வருஷந்தான், அப்புறம் குறைச்சுட்டான். ஆனா எங்க வாப்பா இதை அந்தப் பேருக்காகத்தான் வாங்கினாங்க. ஜப்பான் சண்டையில அவங்க சின்னத் தங்கச்சியைத் தோள்ல தூக்கிக்கிட்டு இம்பாலுக்கு நடந்தவங்க. பாதி வழியில புள்ள காய்ச்சல்ல மவுத்தாப் போச்சு. சண்டை முடிஞ்சு இங்க திரும்பி வந்து, ரொம்ப நாள் கழிச்சு இந்தக் கார் விலைக்கு வந்துச்சு. இம்பால் ஊர்ப் பேரத்தான் வெச்சிருக்கான்னு நினைச்சு வாங்கிட்டாங்க. பின்சீட்டு அந்தப் புள்ளைக்கு."

ஏறும்போதே காரின் பக்கவாட்டில் பாயும் மான் சின்னத்தைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

"பாய், இம்பாலான்னா ஆப்பிரிக்காவுல ஒரு மான்."

"தெரியும் தம்பி. வாப்பாகிட்ட கடைசி வரைக்கும் நாங்க சொல்லல." கண்ணாடியில் காலியான பின்சீட்டைப் பார்க்கிறார். "நீங்களும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."